தனி டம்ளரும் சேத்துப்பட்டு ஆராய்ச்சியும்

மயிலாப்பூர்ல சித்திரக்குளத்துக்குப் பக்கத்துல எங்க பழைய வீடு. சமையல் ரூம் அலமாரியில எல்லா பாத்திரமும் கீழ்த்தட்டுல இருக்கும். ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் மட்டும் கொல்லைப்பக்க ஜன்னல் மேடையில கவுத்து வெச்சிருக்கும். டம்ளரோட அடியில ஆணியால அடிச்ச ஒரு புள்ளி. அது சின்னத் தாத்தாவோட டம்ளர். அவருக்கு டி.பி. வந்து குணமானது 1958ல. நான் பொறந்தது அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு. ஆனாலும் அந்த டம்ளர் அவர் சாகற வரைக்கும் அந்த மேடையை விட்டு இறங்கவே இல்லை.

ஆறு வயசுல ஒருநாள் வெயில்ல விளையாடிட்டு வந்து அவசரத்துல அந்த டம்ளர்ல தண்ணி குடிச்சுட்டேன். பாட்டி என்னை அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் வென்னீர்ல குளிப்பாட்டி, வாயில உப்புத்தண்ணி ஊத்திக் கொப்புளிக்க வெச்சு... திண்ணையில உக்காந்திருந்த சின்னத் தாத்தா அத்தனையும் பாத்துக்கிட்டிருந்தார். ஒரு வார்த்தை பேசலை.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, எனக்குப் பதினாலு வருஷமா முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கற வகை. ஞாயித்துக்கிழமை தோறும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. அது நோயெதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற மருந்து. அதனால கிருமின்னாலே எனக்கு ஒரு பயம். ரங்கநாதன் தெருப் பக்கம் போய் வருஷக்கணக்காச்சு. பஸ்ல யாராவது இருமினா அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன். (சிரிக்காதீங்க. நீங்களும் 2020ல இதைத்தான் செஞ்சீங்க.)

மெத்தோட்ரெக்ஸேட் போதலைன்னு டாக்டர் இன்னும் பலமான ஊசி போடலாம்னார். அதுக்கு முன்னாடி டி.பி. டெஸ்ட் கட்டாயம். இந்த வகை ஊசிகள்ல ஒண்ணு போட்டுக்கிட்டவங்களுக்கு உள்ளே தூங்கிட்டிருந்த காசநோய் முழிச்சுக்குதுன்னு 2001லயே அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. எனக்குக் கையில போட்ட மாண்டூ ஊசி நல்லா வீங்கிடுச்சு. ரத்தப் பரிசோதனையும் ஆமாம்னு சொல்லிடுச்சு. நோய் இல்லை, ஆனா கிருமி உள்ளே படுத்திருக்கு. அம்மாகிட்ட சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை: "அன்னிக்கு அந்த டம்ளர்ல குடிச்சியேடா!"

அந்த ஒரு வரிதான் என்னைத் தேட வெச்சுது. தேடப்போனா எல்லாம் நம்ம ஊர்லயேதான் நடந்திருக்கு!

சானடோரியத்துல இருந்து ஆரம்பிக்கணும். மருந்தே இல்லாத காலத்துல காசநோய்க்கு வைத்தியம்னா நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. ஊரை விட்டுத் தள்ளி ஒரு இடம். இங்கிலாந்துல சானடோரியம் நடத்திட்டிருந்த டாக்டர் சௌரி முத்து 1928ல தாம்பரத்துல ஒண்ணு ஆரம்பிச்சார். 1937ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்க 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷனைக் கடந்துதானே போறீங்க, அதேதான். இந்த முத்துவோட மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்துலதான் 1917ல நம்ம கணித மேதை ராமானுஜன் இருந்தார். ரெண்டு பேரும் 1914ல ஒரே கப்பல்ல இங்கிலாந்து போனவங்க. ராமானுஜன் திரும்பி வந்து 1920 ஏப்ரல் 26 அன்னிக்கு சேத்துப்பட்டுல இறந்தார். டி.பி.ன்னுதான் ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க. 1994ல டி.ஏ.பி. யங்ன்னு ஒரு டாக்டர் பழைய குறிப்புகளையெல்லாம் அலசிட்டு, அது ஈரலைத் தாக்கின அமீபா நோயா இருக்கலாம்னு எழுதினார். அப்படின்னா குளிர்ல ஜன்னலைத் திறந்து வெச்சு அவரைப் படுக்கப் போட்டதெல்லாம்? சரி விடுங்க, அது தனிப் பதிவு.

அதே சேத்துப்பட்டுல 1956ல காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலு பேரும் சேர்ந்து. தலைமை டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். கேள்வி ரொம்ப எளிமை. ஐசோநயாசிட், பாஸ்னு மருந்து வந்தாச்சு. நாட்டுல தொற்றக்கூடிய நோயாளிகள் பல லட்சம். அதுல ஒரு சின்னப் பங்குக்குக்கூட ஆஸ்பத்திரியில படுக்கை இல்லை. அப்போ வீட்டுலயே வெச்சு மருந்து குடுத்தா என்ன ஆகும்?

193 நோயாளிகள். எல்லாம் சென்னை நகரத்து ஏழைகள். யார் வீட்டுல, யார் சானடோரியத்துலங்கறதைக் குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்துல இருந்தவங்களுக்கு சத்தான சாப்பாடு, காத்தோட்டம், ஓய்வு, பக்கத்துலயே நர்ஸ். வீட்டுல இருந்தவங்களுக்கு ஒண்டுக்குடித்தனம், அரைவயிறு, அதோட வேலைக்கும் போகணும். பாஸ் மாத்திரை வேற குமட்டும். ஒழுங்கா முழுங்கறாங்களான்னு பாக்க திடீர்னு வீட்டுக்குப் போய் சிறுநீர் வாங்கி டெஸ்ட் பண்ணாங்களாம்.

1959ல முடிவு வந்துது. ரெண்டு பக்கமும் குணமானவங்க விகிதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நல்ல சாப்பாடும் ஓய்வும் வேண்டாம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. மருந்து ஒழுங்கா உள்ளே போனா, அதெல்லாம் இல்லாமலும் ஆள் பிழைச்சுக்குவார்ங்கறதுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுக்கு அடுத்த பகுதி. ரெண்டு பக்கத்துக் குடும்பங்களையும் அஞ்சு வருஷம் விடாம பின்தொடர்ந்தாங்க. நோயாளியோட அதே ரூம்ல படுத்து எழுந்த பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, நோயாளியை சானடோரியத்துக்கு அனுப்பிட்ட வீட்டுக்காரங்களை விட அதிகமா நோய் வந்துதா? வரலை. 1966ல இதை வெளியிட்டாங்க. காரணம் யோசிச்சா புரியும். பரவவேண்டியது நோய் கண்டுபிடிக்கறதுக்கு முந்தின மாசங்கள்லயே பரவியிருக்கும். மருந்து ஆரம்பிச்சதும் பரப்பற சக்தி சீக்கிரமே குறைஞ்சுடும். அதோட இது காத்துல பரவற கிருமி. இருமும்போது வர்ற நுண்துளியை இன்னொருத்தர் மூச்சுல இழுக்கணும். தட்டு, டம்ளர், துண்டு எதுலயும் ஒண்ணுமே இல்லை.

இதை நம்பித்தான் உலகம் முழுக்க சானடோரியங்களைக் கொஞ்சம் கொஞ்சமா மூடினாங்க. 1964ல அதே மையம், வாரம் ரெண்டு தடவை கண்ணெதிர்ல மருந்து குடுத்தாலே போதும்னு காட்டுச்சு. பின்னாடி வந்த 'டாட்ஸ்' முறைக்கு அது ஒரு வேர். தாம்பரத்துக்கு மட்டும் வேற வேலை வந்துது. எச்.ஐ.வி. வந்தவங்களை வேற எங்கேயும் தொடவே தயங்கின 1990கள்ல அவங்க போய்ச் சேர்ந்த இடம் அது.

படிச்சவங்க பயத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பி.சி.ஜி. தடுப்பூசியை ராஜாஜி கடுமையா எதிர்த்தார், 1955ல அதுக்குன்னு ஒரு சின்னப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியைப் போதிய ஆதாரம் இல்லாம குழந்தைகளுக்கு ஏத்தறதான்னு கேட்டார். கேலி பண்ணவங்க நிறைய. ஆனா அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துல இரண்டரை லட்சம் பேருக்கு மேல சேர்த்து ஒரு பெரிய சோதனை நடத்தி, பெரியவங்களோட நுரையீரல் டி.பி.யை அது தடுக்கலைன்னு சொன்னாங்க. குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் வகையைத் தடுக்குது, அதனாலதான் இன்னும் போடறோம். ஆக அவர் பாதி சரி, பாதி தப்பு. நம்ம ஊர்ல யாரையும் அப்படிப் பாதியா ஒத்துக்க மாட்டோமே!

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. சின்னத் தாத்தா 1957ல தாம்பரத்துல எட்டு மாசம் இருந்தார். அதே வருஷம் சேத்துப்பட்டுல, குடிசையிலயே மருந்து சாப்பிட்டுக்கிட்டு பிள்ளையை மடியில வெச்சிருந்த ஆட்கள் இருந்திருக்காங்க. முடிவு வந்த பிறகு பாட்டிக்கு யாராவது சொல்லியிருந்தா? பாட்டியைக் குறை சொல்லவும் மனசு வரலை. அவங்க அக்கா மருந்து வர்றதுக்கு முன்னாடி அதே நோயில போனவங்க. எனக்கு எங்கிருந்து வந்துதுன்னா, உலகத்துல நாலுல ஒருத்தருக்கு இந்தக் கிருமி உள்ளே இருக்காம். நம்ம ஊர் பஸ், தியேட்டர், ஸ்கூல் எதுல வேணா பிடிச்சிருக்கும். குணமான சின்னத் தாத்தாகிட்ட இருந்து நிச்சயமா இல்லை.

அம்மாகிட்ட இதையெல்லாம் உக்கார வெச்சு சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. "அப்போ அவரைத் தனியா வெச்சதெல்லாம்..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டு, எழுந்து போய் பரண் மேல இருந்த சாக்குமூட்டையைப் பிரிச்சாங்க. டம்ளர் இருந்துது, அடியில புள்ளியோட. புளி போட்டுத் தேய்ச்சுக் குடுத்தாங்க.

ஆறு மாச ஐசோநயாசிட்டும் அந்த டம்ளர்லதான் முழுங்கினேன். போன மாசம் முடிஞ்சுது. நாளைக்கு முதல் ஊசி.