பங்கா, மின்விசிறி, மண்பானை

ஓசூர்க்காரர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசினால் முன்பெல்லாம் சிரிப்பார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி; வெள்ளைக்காரர்கள் 'லிட்டில் இங்கிலாந்து' என்று கொண்டாடிய ஊர். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு. பகலில் வாங்கிய சூட்டைப் பாறைக் குன்றுகள் இரவில் திருப்பிக் கொடுக்கும். இரண்டு ஊர்களிலும் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், அலுவலக வெக்கையின் கதையைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை அரசாங்கமே கோடையில் ஃபைல்களோடு உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். சமவெளியில் தங்கிய துரைமார்களுக்குப் பங்கா. உத்தரத்தில் தொங்கும் துணிச் சட்டம். அதன் கயிறு சுவர்த் துளை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து நாள் முழுக்க இழுப்பார். காற்று உள்ளே, வியர்வை வெளியே! புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியிலும் இதற்குப் பங்கா என்றுதான் பெயர்.

பைக்காரா மின்சாரம் 1932-இலும், மேட்டூர் மின்சாரம் 1937-இலும் வந்தன. மெல்ல மெல்லப் பங்கா போய் மின்விசிறி வந்தது. ஆனால் காற்று யாருக்கு என்கிற வரிசை மட்டும் மாறவில்லை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நல்ல காற்றோட்டமும் தாங்கக்கூடிய வெப்பநிலையும் வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீரை அது கட்டாயமாக்கியிருந்தது. 1970-களில் சிப்காட் வந்தபின் ஓசூர்த் தொழிலாளர்களுக்கும் இந்த உரிமை கிடைத்தது. கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதிலிருந்து அரசு அலுவலகங்களுக்கு விலக்கு! சட்டத்தை நகல் எடுத்து அனுப்பிய குமாஸ்தாவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

நான் இருந்த ஓர் அலுவலகத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியம் 2 மணிக்கு மேல் தலைக்கு மேலே அடுப்பு மாதிரி இருக்கும். ஒரே விசிறி, அதுவும் அதிகாரி மேசைக்கு நேராக. காகிதம் பறக்கிறது என்று அதையும் குறைத்து வைப்பார்கள். எங்களுக்கு மூலையில் ஒரு மண்பானை, ஜன்னலில் நனைத்த சாக்கு. பழைய கட்டடங்களின் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புத் தளமும் எவ்வளவு பெரிய அறிவு என்று அங்கேதான் புரிந்தது.

எங்களையாவது ஒரு கூரை காத்தது. வெளியே வரிசையில் நின்ற முதியவர்களுக்கு அதுவும் இல்லை. மாநில ஓய்வூதியர்களின் ஆண்டு நேர்காணலைப் பல காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை வைத்திருந்தார்கள். உயிரோடு இருப்பதைக் காட்ட, கத்திரி வெயிலில் கருவூலத்துக்குப் போக வேண்டும்! பிறகு அவரவர் ஓய்வுபெற்ற மாதத்தில் வந்தால் போதும் என்று மாற்றினார்கள். இதற்கு விசிறியும் வேண்டியிருக்கவில்லை, ஏசியும் வேண்டியிருக்கவில்லை. ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்லதுதான். ஆனால் அந்த 4 லட்சத்துக்கு வேலை வராமல் இருக்க வேண்டுமானால், ஒவ்வோர் அலுவலக வாசலிலும் ஒரு பந்தலும் ஒரு பானைத் தண்ணீரும் வேண்டும். ஓசூர்க்காரர்களும் இப்போது ஏசி வாங்குகிறார்கள். வாங்க முடியாதவர்கள்தான் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.