கரையானும் கடவுச்சொல்லும்
எழுதியதை வைக்கச் சொந்தமா சர்வர் எடுப்பதா, இலவசத் தளமே போதுமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான் ஞாபகம் வரும். அருகில் திருநாரையூர், நம்பியாண்டார் நம்பியின் ஊர். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம். (கடவுச்சொல் தொலைந்த கணக்கு மாதிரி!) மூவர் சிலைகளைக் கொண்டுவந்து திறந்தால், பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்கிறது மரபு. சொந்த இடம், பலத்த காவல். இன்னொரு பிரதிதான் இல்லை.

காட்டுமன்னார்கோயிலின் நாதமுனிகள் பிரபந்தத்தைத் தொகுத்ததோடு விடவில்லை. சகோதரி மகன்கள் இருவருக்கு இசையோடு பாடக் கற்றுக்கொடுத்தார். அடுத்தவர் தொண்டைதான் அவருக்கு பேக்கப்.

இலவச இடமும் நிரந்தரமில்லை. 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. நான் இலவசத் தளத்திலேயே இருக்கிறேன். டொமைன் மட்டும் சொந்தம். மாசம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, சிதம்பரத்தில் அக்கா வீட்டு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிடுகிறேன்.