குறிப்பெடுத்த கைகள்

சான்பாடாவில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் அடுத்தது வாஷி. அதற்கப்பால் தாணே கழிமேல் பாலத்தைக் கடந்தால் மான்குர்ட். ஒலிம்பியாடுகளுக்குத் தயாராகும் பள்ளிப் பிள்ளைகள் கூடும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அங்கேதான் இருக்கிறது. அதன் தாய்வீடு கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1945இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் கணிதப் பள்ளி எப்படி உலகப் பெயர் பெற்றது என்று கேட்டால், பாபாவின் தொலைநோக்கு, டாடா அறக்கட்டளையின் பணம், நேருவின் ஆதரவு என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த மூன்றும் கட்டடத்தை எழுப்பின. பள்ளியை வளர்த்ததோ ஓர் எளிய வழக்கம்: வெளியிலிருந்து வந்த பேரறிஞர் பேசுவார், உள்ளூர் இளைஞர் ஒருவர் அதைக் குறிப்பெடுத்து நூலாக்குவார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனந்த ராவின் மாணவராக இருந்த கே. சந்திரசேகரன், பிரின்ஸ்டனிலிருந்து 1949இல் பம்பாய் வந்து இந்தப் பள்ளியை நடத்தினார். அவர் அழைத்து வந்த விருந்தினர்கள் இரண்டொரு சொற்பொழிவோடு கிளம்பிவிடுபவர்கள் அல்லர். வாரக்கணக்கில் தங்கிப் பாடம் நடத்துபவர்கள். அவர்கள் கரும்பலகையில் ‘இது எளிதில் தெரியும்’ என்று தாண்டிப்போகும் இடத்தில்தான் குறிப்பெடுப்பவரின் வேலை ஆரம்பம். விடுபட்ட படிகளைத் தானே நிரூபித்து நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் போய்க் கேட்க வேண்டும். பிறகு தட்டச்சு, அதில் இல்லாத குறியீடுகளைக் கையால் எழுதிச் சேர்த்துப் படியெடுப்பு. எழுதுபவருக்குப் புரியாத ஒரு வரியும் அதில் நிற்க முடியாது. லொரான் ஷ்வார்ட்ஸின் பகுமுறைப் பன்மடிகள் பற்றிய பாடத்தை 1955இல் அப்படி எழுதியவர் எம். எஸ். நரசிம்மன். ஸீகலின் இருபடி வடிவங்களை எழுதியவர் கே. ஜி. ராமநாதன். 1967–68இல் மம்ஃபோர்ட் நடத்திய பாடம் 1970இல் நூலானபோது அதில் சி. பி. ராமானுஜத்தின் உழைப்பும் சேர்ந்திருந்தது. ஷ்வார்ட்ஸின் அழைப்பில் நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் பாரிஸ் போனார்கள். ரீமான் பரப்பின் மேலுள்ள நிலையான வெக்டர் கற்றைகளை விளக்கும் இவ்விருவரின் தேற்றம் 1965இல் வெளியாயிற்று. பத்தாண்டுக்கு முன் நரசிம்மன் பிறருக்காக எழுதியதும் அதே துறைப் பாடம்தான். இதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பிள்ளைகள் முன்பே கெட்டிக்காரர்கள், நிறுவனம் அவர்களைப் பொறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை. நரசிம்மன், சேஷாத்ரி, ராமானுஜம் மூவரையும் சென்னை லயோலா கல்லூரியில் உருவாக்கியவர் எலி கார்த்தானின் மாணவரான ரசீன் பாதிரியார். சென்னைக்கு அந்த நன்றி என்றைக்கும் உரியது. ஆனால் ரசீன் தம் மாணவர்களை ஏன் பம்பாய்க்கு அனுப்பினார்? நல்ல பாடம் கேட்பது கல்லூரியிலும் முடியும். கேட்டதை முழுமையாக எழுதி உலகின் முன் வைக்கும் பயிற்சி கொலாபாவில்தான் கிடைத்தது. பணமே காரணம் என்பாரும் உண்டு. பணமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி: அழகப்பச் செட்டியார் 1950இல் நிறுவிய இராமானுஜன் கணித நிறுவனம், அவருடைய செல்வம் தேய்ந்தபின் 1957இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதால்தான் பிழைத்தது. பணம் நிறுவனத்தைச் சாகாமல் காக்கும். ஆனால் அதே அரசுப் பணம் பெற்ற ஆய்வுக்கூடங்கள் எத்தனையோ இருக்க, கணிதத்தில் இப்படி ஒரு பள்ளி எழுந்தது ஏன் என்பதற்குப் பணத்திடம் பதில் இல்லை.

இவற்றைவிடக் கனமான குறை இன்னொன்று. சிறந்தவர்களையெல்லாம் ஒரே இடத்தில் குவித்ததால் பல்கலைக்கழக வகுப்பறைகள் வறண்டுபோயின என்பது அது. குறிப்புகள் அச்சாகி எங்கும் போயின, இன்று இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன என்று நான் பதில் சொல்லலாம். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் குறிப்பு மட்டும் ஆசிரியராகிவிடாது. இதை அந்தப் பள்ளியின் மக்களே உணர்ந்திருந்தார்கள். 1984இல் சென்னைக்குத் திரும்பிய சேஷாத்ரி, 1989இல் தாம் தொடங்கி வைத்த சென்னை கணிதவியல் நிறுவனத்தில் 1998இல் இளங்கலை வகுப்பைத் திறந்தார். ஆராய்ச்சியாளர்களே பதினெட்டு வயதுக்காரர்களுக்குப் பாடம் சொன்னார்கள். அந்நிறுவனத்துக்கு அப்போது பட்டம் வழங்கும் உரிமை இல்லை. 2006இல் அது கிடைக்கும்வரை, போபாலிலுள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் அந்த மாணவர்கள் பட்டம் வாங்கினார்கள்.