தொலைபேசிக் கம்பியில் தொலைநகல்: இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

தொலைநகல் என்பது தாளில் உள்ள எழுத்தையும் படத்தையும் புள்ளிகளாகப் பிரித்து, ஒலிக்குறிப்புகளாக மாற்றி, தொலைபேசி இணைப்பின் வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் தாளாக எடுக்கும் முறை ஆகும். பேச்சுவழக்கில் இதற்கு ஃபேக்ஸ் என்றே பெயர். 1990-களில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களை ஒட்டிய கடைகளில் 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ., ஃபேக்ஸ், ஜெராக்ஸ்' என்று ஒரே பலகையில் எழுதியிருந்ததை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். இரண்டுக்கும் தொலைபேசிக் குறியீட்டு எண் ஒன்றே: 04563. ஆனால் தொழில் வேறு. இராஜபாளையம் ஆலை ஊர். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில்லுக்குப் பிறகு நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. திருவில்லிபுத்தூர் கோயில் ஊர், பால்கோவா ஊர். அத்துடன் நீதிமன்ற ஊர். 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில்தான் உள்ளது. கையெழுத்தும் முத்திரையும் கொண்ட தாள் இல்லாமல் ஆலைக்கும் வேலை நடக்காது, நீதிமன்றத்துக்கும் நடக்காது. தொலைநகலின் வரலாற்றைப் பேச இந்த இரண்டு ஊர்களும் பொருத்தமானவை.

கருவியின் பழைய கதை

தொலைநகல் தொலைபேசிக்கு மூத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் பெயின் 1843-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். இத்தாலியரான ஜியோவானி கசெல்லியின் கருவி 1865 முதல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே வணிக முறையில் இயங்கியது. வங்கிக் கையெழுத்துகளைச் சரிபார்க்கவே அது பெரிதும் பயன்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. தந்தி சொல்லைக் கொண்டுபோகும், கையெழுத்தைக் கொண்டுபோகாது. அந்தக் குறையை நிரப்பவே தொலைநகல் பிறந்தது எனலாம்.

எழுத்துகள் மிகுந்த ஜப்பானில் தொலைநகல் வேரூன்றியதற்கும் காரணம் இதுதான். தட்டச்சுப் பொறிக்குள் அடங்காத எழுத்தும் படமாகப் போகும். தமிழுக்கும் இது பொருந்தும். டெலக்ஸ் ஆங்கில எழுத்துகளில் ஓடியது. தந்தியையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தமிழில் கையால் எழுதிய ஒரு கணக்குச் சீட்டு எழுதியபடியே மதுரைக்கோ மும்பைக்கோ சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது தொலைநகலால்தான். இந்தப் பெருமையை நம்மவர்கள் அதிகம் பேசியதில்லை.

அடுத்த தடை கம்பியில் இணைப்பது. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் தன் கம்பியில் அயல் கருவி எதையும் மாட்ட விடவில்லை. அதனால் ஜெராக்ஸ் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட கருவியில், தொலைபேசியின் கைப்பிடியை எடுத்து ஒலிப்பெட்டியின் மேல் கவிழ்த்து வைப்பார்கள். கருவி கம்பியைத் தொடாமல் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும். 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கின் தீர்ப்பு அந்தத் தடையை உடைத்தது. இந்தியாவில் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பை அரசின் தனி உரிமையாக வைத்திருந்தது. கம்பி மட்டுமல்ல, மேசைமேல் இருந்த கருவியும் துறையின் சொத்தாகவே நெடுங்காலம் இருந்தது. துறையின் ஒப்புதல் இல்லாத கருவியை அதில் இணைக்க முடியாது.

1980-இல் பன்னாட்டு அமைப்பு வகுத்த 'குரூப் 3' தரம் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் தரத்தில் ஒரு பக்கம் போக 6 நிமிடம் ஆனது. இரண்டாம் தரத்தில் 3 நிமிடம். மூன்றாவதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எஸ்.டி.டி. கட்டணம் நொடிக்கு நொடி ஓடிய காலத்தில் இது சாதாரண வேறுபாடு அல்ல. பின்னிரவில் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதால், அவசரமில்லாத தாள்களை இரவில் அனுப்புவது வாடிக்கையாக இருந்தது. மறுமுனையில் ஆள் விழித்திருக்கத் தேவையில்லை. தொலைபேசியில் முடியாத காரியம் இது.

ஆனால் முதலில் தொலைபேசி இருக்க வேண்டுமே! 1991-இல் இந்தியா முழுவதும் இருந்த இணைப்புகள் சுமார் 50 லட்சம்தான். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கூடுதல் முன்பணம் கட்டுவோருக்குத் தனி வரிசை இருந்தது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் மின்னணு இணைப்பகங்கள் சிற்றூர்கள் வரை பரவிய பிறகே நிலைமை மாறியது. ஒரு வீட்டுக்கு ஒரு இணைப்பே அரிது என்னும்போது தொலைநகலுக்குத் தனி இணைப்பு எங்கே கிடைக்கும்? ஒரே கம்பியில் பேச்சையும் தாளையும் ஓட்டியாக வேண்டும். இணைப்பதில் இருந்த நுட்பமெல்லாம் இந்தத் தட்டுப்பாட்டில் பிறந்தது.

ஒரே கம்பியில் இரண்டு கருவிகள்

தொலைபேசி இணைப்பு இரண்டே செம்புக் கம்பிகள். சும்மா இருக்கும்போது அவற்றில் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். மணி அடிக்கும்போது அதைவிட உயர்ந்த மாறுமின்னழுத்தம் வரும். தொலைநகல் கருவியின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றொன்று தொலைபேசிக்கு. கம்பி முதலில் தொலைநகலுக்குள் போய், அங்கிருந்து தொலைபேசிக்குப் போக வேண்டும். அப்படி இணைத்தால் தாள் ஓடும்போது தொலைபேசியைக் கருவியே துண்டித்துவிடும். பலர் சுவர்ப் பெட்டியிலேயே இரண்டையும் இணையாக முறுக்கிவிட்டார்கள். அப்போது, உள்ளறையில் யாராவது கைப்பிடியைத் தூக்கினால் போதும், பாதிப் பக்கத்தில் கோடுகள் விழுந்து தாள் நின்றுவிடும்.

அழைக்கும் கருவி 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை நொடி எழுப்பி, 3 நொடி இடைவெளி விட்டு, மீண்டும் எழுப்பும். பெறும் கருவி 2100 ஹெர்ட்ஸில் பதில் தரும். தொலைதூர இணைப்புகளில் எதிரொலியை அடக்கும் அமைப்புகளை விலக்கிவைப்பதும் இந்த ஒலியின் வேலையே. பிறகு இரு கருவிகளும் தங்கள் வேகத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளும். கம்பி நன்றாக இருந்தால் நொடிக்கு 9600 பிட் அல்லது அதற்கு மேல். இரைச்சல் மிகுந்தால் 4800, 2400 என்று இறங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கம்பி இணைப்புகளால் தாள் மெதுவாகப் போவதற்குக் காரணம் இதுதான்.

மலையடிவார ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மாலை வேளைகளில் இடி இறங்கும். தொலைபேசியைவிடத் தொலைநகல் மின்னலுக்கு இளைத்தது, ஏனெனில் அது தொலைபேசிக் கம்பியோடும் மின்கம்பியோடும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கிறது. நிலமின் இணைப்பு சரியில்லாத கட்டடத்தில், மழை வரும்போது இரண்டையும் பிடுங்கி வைப்பதே உறுதியான பாதுகாப்பு.

பழைய ஸ்ட்ரோஜர் வகை இணைப்பகங்கள் துடிப்பு முறை எண்சுழற்றலை மட்டுமே புரிந்துகொள்ளும். தொனி முறையில் வைத்த புதுக் கருவி அங்கே ஊமையாகிவிடும். உள்தொடர்பு இணைப்பகம் வைத்திருந்த அலுவலகங்களில், வெளி இணைப்புக்கு 0 அழுத்தி, சற்றே இடைவெளி விட்டு எண்ணைச் சேர்க்க வேண்டும். இலக்கமுறை உள்ளிணைப்பில் சாதாரணத் தொலைநகல் வேலையே செய்யாது. அதனால் வசதியுள்ள அலுவலகங்கள் தொலைநகலுக்கு நேரடி இணைப்பு வாங்கின. கடிதத்தாளின் தலைப்பில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே தனியாக ஃபேக்ஸ் எண் அச்சிடுவது நிறுவனத்தின் தகுதிக்கு அடையாளமாகவே இருந்தது.

நீதிமன்றத்துக்கு வந்த தாள்

கருவி 'சரி' என்று அச்சிடும் சீட்டுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1999-இல் ஒரு விடை தந்தது. பெங்களூரைச் சேர்ந்த எக்ஸிம் எய்ட்ஸ் என்ற பட்டு ஏற்றுமதி நிறுவனம், திரும்பி வந்த காசோலைகளுக்காக அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு 1996 ஜூன் 11 அன்று தொலைநகலில் அறிவிப்பு அனுப்பியது. மறுநாள் பதிவுத் தபாலிலும் அனுப்பியது. தபால் ஜூன் 25-இல் சேர்ந்தது. புகார் தாக்கல் செய்தது ஆகஸ்ட் 8-இல். தபால் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் காலக்கெடுவுக்குள் வரும். தொலைநகல் நாளிலிருந்து எண்ணினால் கெடு தாண்டிவிடும். எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும் என்றுதான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு சொல்கிறது, தபாலில்தான் தர வேண்டும் என்று சொல்லவில்லை, ஆகவே தொலைநகலும் செல்லும் என்றது நீதிமன்றம். விளைவு விந்தையானது. தான் அனுப்பிய தொலைநகல் செல்லுபடியானதாலேயே ஏற்றுமதி நிறுவனம் வழக்கில் தோற்றது.

காசோலை வழக்குகள் திருவில்லிபுத்தூர் போன்ற எந்த நீதிமன்ற ஊருக்கும் புதியவை அல்ல. கடனில் சரக்கு கொடுத்து வாங்கும் ஆலை வட்டாரத்துக்கு அருகே சொல்லவே வேண்டாம். தொலைநகல் அனுப்பிய நாளையும் தபால் சேர்ந்த நாளையும் தனித்தனியே குறித்துவைக்க வேண்டிய கட்டாயம் வழக்கறிஞர்களுக்கு வந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தாளின் தலையில் அச்சாகும் அனுப்புநர் எண்ணும் நேரமும் கருவியின் உரிமையாளரே பதிந்துவைத்தவை. கடிகாரம் தவறாக இருந்தால் தாளும் தவறான நேரத்தையே காட்டும். இணைப்பகத்தின் கட்டணப் பதிவோடு ஒத்துப்பார்த்தால்தான் உண்மை தெரியும். கருவி தந்த சீட்டையே முழுச் சான்றாகக் கொள்வது சரியல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இன்னொன்று, தாளின் ஆயுள். அந்நாளைய கருவிகள் பெரும்பாலும் வெப்பத்தால் கருக்கும் பூச்சுத்தாளில் அச்சிட்டன. வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். வழக்கு பத்தாண்டு நடந்தால் சான்று வெற்றுத்தாளாகிவிடும். வந்த உடனே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துத் தைத்துவைப்பது அக்கால எழுத்தர்களின் பழக்கம்.

2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். உருவானது, அதே ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பு அளித்தது. மின்னஞ்சலும் வருடியும் மலிவானதும் தொலைநகல் ஓரங்கட்டப்பட்டது. இப்போது செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை வருகிறது. அதன் பெட்டியில் உள்ள தொலைபேசித் துளையில் பழைய தொலைநகலை மாட்டினால் பல சமயம் தாள் பாதியில் நிற்கும். பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறை தொலைநகலின் ஒலியைச் சிதைப்பதே காரணம். கருவியின் வேகத்தை 9600-க்கோ அதற்குக் கீழோ குறைத்து, சேவை நிறுவனம் டி.38 முறையை ஏற்கிறதா என்று கேட்டறிந்து பயன்படுத்தினால் இன்றும் அது ஓடும்.