பீம் செயலியும் பீமாராவ் கேட்ட கேள்வியும்: வடசென்னையின் 82 நாட்கள்

2016 டிசம்பர் 30 அன்று டெல்லியில் நடந்த ஒரு விழாவில் பிரதமர் மோடி புதிய கைபேசிச் செயலி ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதன் பெயர் 'பீம்'. 'பாரத் இன்டர்ஃபேஸ் ஃபார் மனி' என்பது அதன் விரிவாக்கம். ஆனால் அந்தப் பெயர் டாக்டர் பீமாராவ் அம்பேத்கரைக் குறிப்பது என்று பிரதமரே மேடையில் சொன்னார். செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நோட்டுகளை வங்கியில் போடுவதற்கான கடைசி நாளும் அதே டிசம்பர் 30தான்.

உழைக்கும் மக்களின் கையிலிருந்த பணம் செல்லாமல் போன 50 நாட்களின் முடிவில், அந்த மக்களின் தலைவர் பெயர் ஒரு பணச் செயலிக்கு வைக்கப்பட்டது. பெயரை எடுத்துக்கொண்டவர்கள், பணத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தார்களா என்று நாம் கேட்க வேண்டும். அதைக் கேட்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2016 நவம்பர் 8 முதல் 2017 ஜனவரி 28 வரையிலான 82 நாட்களில், ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான இந்தக் கடற்கரை மூன்று அடிகளை வாங்கியது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் பணமதிப்பு நீக்கம் 2016இல் தொடங்கியதல்ல. 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாதவை என்றது. 1978 ஜனவரி 16 அன்று மொரார்ஜி தேசாய் அரசு 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளை ஒழித்தது. அன்று ராயபுரத்தில் மூட்டை தூக்கியவரோ, காசிமேட்டில் கூடை சுமந்தவரோ ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. எனவே அந்த நடவடிக்கை சேரிக்குள்ளும் குப்பத்துக்குள்ளும் நுழையவில்லை. 2016இல் நிலைமை வேறு. ஐநூறு ரூபாய் என்பது ஒரு நாள் கூலியாகிவிட்ட காலம் அது. நவம்பர் 8 இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் பேசி, நள்ளிரவுக்குள் செல்லாமல் போனது புழக்கத்தில் இருந்த பணமதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம்.

வடசென்னையின் பொருளாதாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த இரவின் பொருள் புரியும். காசிமேடு துறைமுகத்தில் விடியுமுன் மீன் ஏலம் நடக்கும். ஏலம் எடுப்பவர், ஐஸ் போடுபவர், மீன்பாடி வண்டிக்காரர், கூடைக்காரம்மா என எல்லோருக்கும் கைமாறுவது ரொக்கம். கூடைக்காரம்மாவின் முதல் பெரும்பாலும் தண்டல் பணம். பத்தாயிரம் என்று பேசி, ஒரு பங்கை முன்னாடியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். அவர் நூறு நாட்களுக்குத் தினம் நூறு ரூபாய் கட்டுவார். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாகவும், துறைமுகத்தில் சுமை தூக்குபவர்களாகவும், நகரத்தின் குப்பையை அள்ளுபவர்களாகவும் இருப்பவர்களில் தலித் மக்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு வாரக்கூலி மேஸ்திரி கையிலிருந்துதான் வரும். குப்பமும் சேரியும் சாதியால் வேறு. ஆனால் ரொக்கத்தில் நாளைக் கடத்துவதில் இரண்டும் ஒன்று.

நவம்பர் 9 காலையில் இந்தச் சங்கிலி அறுந்தது. மேஸ்திரி பழைய நோட்டைத்தான் நீட்டினார். வேண்டாம் என்றால் கூலி இல்லை. வாங்கினால் வங்கி வரிசையில் நிற்க வேண்டும், நின்றால் அன்றைய வேலை போகும். புதிய 2,000 ரூபாய் நோட்டின் அளவு வேறாக இருந்ததால் ஏடிஎம் இயந்திரங்களைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் பல இயந்திரங்கள் பணம் தரவில்லை. வரிசையில் நின்று வாங்கிய 2,000 ரூபாய் நோட்டுக்கோ நூற்றைம்பது ரூபாய் மீன் விற்கும் கூடையில் சில்லறை இல்லை.

பெண்களுக்கு இன்னொரு இழப்பு. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் சேர்த்த சிறுவாட்டுப் பணம் என்பது குடிக்கிற கணவனிடமிருந்தும் திடீர் நோயிலிருந்தும் அவர்கள் தமக்குக் கட்டிக்கொண்ட வேலி. அதை வெளியே எடுத்து, வீட்டாருக்குத் தெரியும்படி மாற்ற வேண்டிய நிலை வந்தது. ரிசர்வ் வங்கி கணக்கில் இது எந்தப் பத்தியிலும் வராது.

அடுத்து மை. பணம் வைத்திருந்தவர்கள் கூலிக்கு ஆள் வைத்து நோட்டு மாற்றுகிறார்கள் என்று புகார் எழுந்ததும், நோட்டு மாற்ற வருபவர்களின் விரலில் அழியா மை வைக்க அரசு உத்தரவிட்டது. கறுப்புப் பணத்தின் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். கூலிக்கு நின்றவரின் விரலில் மை விழுந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு என்பதன் அடையாளமாக நாம் அறிந்த மை அது. அது ஏழையின் மீதான சந்தேகத்தின் அடையாளமாக மாறியது இந்த 82 நாட்களில்தான்.

ரொக்கம் இல்லையென்றால் கைபேசி இருக்கிறதே என்றார்கள். நவம்பர் 9 காலை நாளிதழ்களில் பேடிஎம் நிறுவனம் பிரதமரின் படத்தோடு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான், செப்டம்பரில், ஜியோ இலவச இணையத்தோடு வந்திருந்தது. அதன் விளம்பரத்திலும் பிரதமரின் படம் இருந்தது. சிம், செயலி, அரசு மூன்றும் ஒரே குரலில் பேசின.

அந்தக் குரலுக்கான சோதனை டிசம்பர் 12 அன்று வந்தது. வர்தா புயல் சென்னையில் கரையேறியது. இது இரண்டாவது அடி. ஆயிரக்கணக்கான மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல பகுதிகளில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. மின்சாரம் இல்லாமல் ஏடிஎம் இல்லை. சிக்னல் இல்லாமல் ஸ்வைப் இயந்திரம் இல்லை, செயலியும் இல்லை. வீட்டில் ஒளித்து வைத்த ரொக்கம்தான் புயல் காலத்தில் ஏழையைக் காப்பாற்றும். அதையும் ஒரு மாதம் முன்பே பிடுங்கியாகிவிட்டது. அந்த நாட்களில் மக்களுக்குச் சோறு போட்டது பெட்டிக்கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு.

மூன்றாவது அடி 2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் சொன்னது. எர்ணாவூர் கரையில் கறுப்பாக எண்ணெய் ஒதுங்கிய பிறகு அந்தப் பேச்சு நிற்கவில்லை. கப்பல்களை வழிநடத்த ரேடார் உண்டு, செயற்கைக்கோள் உண்டு. எண்ணெயை அள்ள வந்ததோ பிளாஸ்டிக் வாளி. மீனவர்களும் மாணவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் வரவில்லை. நோட்டில்லாமல் இரண்டு மாதம் தள்ளாடிய கூடை மறுபடியும் காலியானது. தண்டல்காரர் மட்டும் தினமும் வந்தார்.

மூன்று அடிகளிலும் ஒரே ஒழுங்கு தெரிகிறது. பெரிய அமைப்பு மேலிருந்து வருகிறது. அது உடையும்போது, உடைந்த இடத்தை அடைப்பது கீழே இருப்பவரின் உடல்: வரிசையில் நின்ற கால், மை விழுந்த விரல், வாளி பிடித்த கை. மலக்குழியில் நாம் பார்த்த ஒழுங்குதான் இது. சாதி என்பது யார் எந்த வேலையைச் செய்வது என்பதோடு, யாருடைய நட்டம் கணக்கில் வராது என்பதும்கூட.

இனி அம்பேத்கரிடம் வருவோம். 'ரூபாயின் சிக்கல்' என்ற அவருடைய நூல் 1923இல் லண்டனில் வெளியானது. 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார். ரிசர்வ் வங்கியையே அவர்தான் உருவாக்கினார் என்று மேடைகளில் சொல்வது மிகை. அந்த மிகை அவருக்குத் தேவையும் இல்லை. அவர் வலியுறுத்திய இரண்டு கருத்துகளே போதும். ஒன்று, ரூபாயின் மதிப்பு சரிந்தால் லாபம் வணிகருக்கு, நட்டம் கூலிக்காரருக்கு. அதை நாட்டின் லாபம் என்று சொல்லக் கூடாது. இரண்டு, பணத்தை வெளியிடுபவர் தம் விருப்பப்படி அதைக் கையாளும் அதிகாரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

நவம்பர் 8 இந்த இரண்டையும் மீறியது. 1978இல் நோட்டு ஒழிப்பு அவசரச் சட்டமாக வந்து, நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது. 2016இல் ஓர் உரையும் ஓர் அரசிதழ் அறிவிப்பும் போதுமாக இருந்தன. சட்டம் பின்னால்தான் வந்தது. 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கையை ஏற்றது. மாறுபட்ட ஒரே நீதிபதியான பி.வி. நாகரத்னா, இதை நாடாளுமன்றத்தின் வழியாகவே செய்திருக்க வேண்டும் என்றார். செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே 2018இல் சொல்லிவிட்டது. வரிசையில் நின்று வாங்கிய அந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இன்று காசிமேட்டில் மீன் தட்டுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை நிற்கிறது. நாம் அதற்கு எதிரிகள் அல்ல. சில்லறைத் தகராறு இல்லை, பணம் வந்தால் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. சாதி கேட்காமல் பணம் வாங்கும் கருவியைத் தலித் மக்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அட்டையோடு இணைந்த எண் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது மகனுடையது அல்லது கணவனுடையது. அம்மாவின் உழைப்பு அவர் கைக்கு வராமலேயே வேறொருவர் கைபேசிக்குள் போகிறது. சிறுவாடு வைக்கச் செயலியில் பானை இல்லை.

எனவே, படிக்கிற தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் தெருவில் உள்ள பெண்களிடமும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் அந்த 82 நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். கூலி எப்படி வந்தது, எத்தனை நாள் வேலை போனது, தண்டல் எவ்வளவு ஏறியது, இன்று வங்கிக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் பெயர் வெளியே வர வேண்டாம். கணக்கு வெளியே வரட்டும். பணத்தைப் பற்றிக் கூலிக்காரரின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டவர் பாபாசாகேப். அவர் பெயரைச் செயலிக்கு வைத்துவிட்டார்கள். அவர் கேள்வியை நாம் வைத்திருப்போம்.

ஜெய்பீம்.