படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும்

சமூக அக்கறையுள்ள ஒரு கலைத் திட்டத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கலாம் என்று பினாங்கில் ஒரு மாணவர் குழு முடிவு செய்தால், கேமரா முதலில் ஜார்ஜ் டவுன் பக்கம்தான் திரும்பும். ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஸாக்கரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் குழந்தைகள், அடுத்த ஆண்டு தெருவிலங்குகளின் நிலையைச் சொல்ல வரையப்பட்ட பூனைகள் என்று படத்துக்குத் தோதான சுவர்கள் அங்கே நிறைய. பெருநிலப் பக்கத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டுக்குச் சுவரோவியம் பார்க்க யாரும் பேருந்து பிடித்து வருவதில்லை. ஆனாலும் இங்கிருந்து புறப்படும் பிள்ளைகள், தீவுக்குப் பாலம் தாண்டும் முன் இரண்டு ஆவணப்படங்களை அடுத்தடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பேன். ஒன்று, ஸானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் 2004இல் எடுத்த ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’. மற்றது, 2010இல் லூசி வாக்கர் எடுத்த ‘வேஸ்ட் லேண்ட்’.

இரண்டுக்கும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊர் ஒதுக்கிவைத்த இடத்துக்கு ஒரு கலைஞர் போகிறார். அங்குள்ளவர்களோடு சேர்ந்து படங்களை உருவாக்குகிறார். அவை ஏலத்துக்குப் போகின்றன, பணம் அவர்களுக்கே திரும்புகிறது. முதல் படம் 2005இல் ஆஸ்கர் விருது பெற்றது. இரண்டாவது 2011இல் பரிந்துரைப் பட்டியல் வரை வந்தது. ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும் இவை, உள்ளே போனால் எதிரெதிர் திசையில் நடக்கின்றன.

பிரிஸ்கி கொல்கத்தாவின் சோனாகாச்சிக்குப் போனது பாலியல் தொழிலாளிகளைப் படம் எடுக்க. குழந்தைகள் அவருடைய கேமராவையே சுற்றிவந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு சாதாரண கேமரா கொடுத்து வகுப்பு நடத்தினார். எட்டுப் பிள்ளைகள் தங்கள் மாடிகளையும் சந்துகளையும் தாங்களே படம்பிடித்து வந்தார்கள். பெரியவர் எவரும் கேமராவோடு நுழைய முடியாத இடங்களில் அந்தப் பிள்ளைகள் சர்வசாதாரணமாக நுழைந்தார்கள். அந்தப் படங்களில் பல, பயிற்சி பெற்றவர்களையே வாயடைக்க வைப்பவை. அவிஜித் என்ற சிறுவனுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பின் அழைப்பு வருகிறது. கடவுச்சீட்டுக்காக பிரிஸ்கி அலுவலகம் அலுவலகமாக அலைவது படத்தின் முக்கியமான ஒரு பகுதி. ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவன் ஒரு படத்தின் முன் நின்று, பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை என்பதால் பார்த்தே ஆக வேண்டும் என்ற பொருளில் பேசுகிறான். எல்லாத் திரைப்படப் பள்ளிகளிலும் போட்டுக் காட்ட வேண்டிய நிமிடம் அது. பின்னாளில் அவனே நியூயார்க்கில் திரைப்படம் படித்தான்.

இவ்வளவு இருந்தும் படத்தில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதே சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா 1992இல் எச்.ஐ.வி. தடுப்புப் பணியைத் தொடங்கினார். 1995இல் பாலியல் தொழிலாளிகள் துர்பார் என்ற தங்கள் சொந்தச் சங்கத்தையும், உஷா என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள். கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தங்கள் சேமிப்பைத் தாங்களே நிர்வகித்த பெண்கள் இவர்கள். படத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. தாய்மார்கள் திட்டுவார்கள், கத்துவார்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. விளைவைப் படத்தின் இறுதி எழுத்துகளே சொல்கின்றன: விடுதிப் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளில் சிலரைக் குடும்பம் திரும்ப அழைத்துக்கொண்டது, சிலர் தாங்களாகவே வெளியேறினார்கள். காரணத்தைச் சொல்லக்கூடிய தாய்மார்கள் படம் முழுக்கப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் பக்கம் மைக்கை நீட்டத்தான் ஆளில்லை.

‘வேஸ்ட் லேண்ட்’ ரியோ டி ஜெனிரோவின் எல்லையில் இருந்த ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில் நடக்கிறது. இதன் கலைஞர் விக் முனிஸ் உலகப்புகழ் பெற்றவர். சாவோ பாவ்லோவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே கேமரா கடைசிவரை அவர் கையில்தான். குப்பை பொறுக்குபவர்களைப் படம் எடுத்து, ஒரு கொட்டகையின் தரையில் அதைப் பெரிதாக ஒளிபாய்ச்சி, அந்தக் கோடுகள் மேல் மூடிகள், டயர்கள், பாட்டில்கள், கந்தல்கள் என்று அடுக்கச் செய்கிறார். உயரத்தில் நின்று அதைத் திரும்பப் படம் எடுக்கிறார். அடுக்குபவர்கள் படத்தில் இருப்பவர்களே. வேலைக்குக் கூலியும் உண்டு.

ஆனால் படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே தியாவோ வருகிறார். அங்கே பொறுக்குபவர்களின் சங்கத் தலைவர். குப்பையில் கிடைத்த மாக்கியவெல்லி புத்தகத்தை உலர்த்திப் படித்தவர். இன்னொருவர் இப்படிக் கிடைத்த புத்தகங்களை நூலகத்துக்காகச் சேர்க்கிறார். வால்டர் என்ற முதியவர் ஒரே ஒரு தகர டப்பாவின் மதிப்பைப் பேசுகிறார்: தொண்ணூற்றொன்பது நூறாகிவிடாது. ஆக, கலைஞர் வருவதற்கு முன்பே அங்கே சங்கம் இருந்தது, சிந்தனை இருந்தது, வழக்காடும் வாய் இருந்தது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தியாவோ குளியல் தொட்டியில் சாய்ந்து, ழாக் லூயி தாவிட் வரைந்த பிரெஞ்சுப் புரட்சியாளர் மாராவைப் போல அமர்ந்த படம் லண்டனில் 28,000 பவுண்டுக்கு ஏலம்போனது. பணம் சங்கத்துக்குப் போனது.

இந்தப் படத்தில் நான் மிகவும் மதிக்கும் காட்சி ஏலம் இல்லை. கொட்டகையில் வேலை செய்தவர்கள் குப்பைமேட்டுக்குத் திரும்ப மனமில்லை என்கிறார்கள். இப்படி ஒரு வாழ்க்கையைக் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே அனுப்புவது சரியா என்று முனிஸும் அவர் மனைவியும் உடன் வேலை செய்பவரும் காரசாரமாக வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை லூசி வாக்கர் வெட்டவில்லை. கலைஞரைச் சங்கடப்படுத்தும் காட்சியை வெட்டாமல் விடுவதுதான் ஆவணப்படக்காரரின் நேர்மை. முனிஸை நாயகனாக்கும் ஆசையும், மோபியின் இசையால் கண்ணீரை வரவழைக்கும் இடங்களும் இதில் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை.

கேமராவைப் பிள்ளைகளிடம் கொடுத்த படத்தில் அந்தச் சமூகம் வாய்மூடி நிற்கிறது. கேமராவைத் தன்னிடமே வைத்துக்கொண்டவரின் படத்தில் சமூகம் பேசுகிறது. யோசனையில் பிரிஸ்கியுடையது பெரிது. படத்தொகுப்பில் வாக்கருடையது நேர்மையானது. எந்தக் கையில் கேமரா என்பதைவிட, எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் மேசையில் யார் உட்காருகிறார் என்பது முக்கியம்.

இது நமக்கு எட்டாத விஷயமும் இல்லை. தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் வந்து சேர்வது சிம்பாங் அம்பாட் இருக்கும் இதே செபராங் பிறை தெற்கு மாவட்டத்தின் பூலாவ் புருங் குப்பைமேட்டில். 2022 ஜனவரியில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது மூச்சுத்திணறின பக்கத்துக் குடியிருப்புகள். தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாக மாறிய பத்து காவானும் அருகில்தான். 1999இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பு பினாங்குப் பிள்ளைகளைத் தங்கள் ஊரைத் தாங்களே விசாரிக்கவைத்திருக்கிறது. 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்ற திரைப்பட விழா புதியவர்களின் ஆவணப்படங்களுக்கு நிதி கொடுத்துவருகிறது. வழி இருக்கிறது.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சம்மதக் கடிதத்தை நீங்கள் படம் எடுக்கும் மக்கள் பேசும் மொழியில் எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் சங்கம், கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் அமைப்பு எதுவானாலும் முதல் நாளே போய்ப் பாருங்கள். பாதி வெட்டிய படத்தைப் பேராசிரியருக்குக் காட்டும் முன் படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் நீக்கச் சொன்னதை நீக்கிவிடுங்கள். முதல் திரையிடலையும் ஜார்ஜ் டவுனில் வைக்காமல், அவர்கள் குடியிருக்கும் இடத்து மண்டபத்திலேயே வையுங்கள்.