காசக்கிருமியின் எண்ணெய்க் குதிர்

பஞ்ச காலத்திற்கென்று குதிரிலே நெல்லைச் சேர்த்து வைத்த உழவர் மரபில் வந்தவர்கள் நாம். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களும் இத்தகைய முன்னேற்பாட்டைச் செய்கின்றன என்றால் வியப்பாகத்தான் தோன்றும். அவற்றுள் ஒன்றாகிய காசக்கிருமியின் சேமிப்பை அறிந்துகொள்ள நடந்த முயற்சியில் நாம் வாழும் பெங்களூர் நகருக்கும் பங்கு உண்டு.

1926-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் லெமுவான் என்பார், மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் உடலுக்குள் கொழுப்பையொத்த மணிகள் நிறைந்திருப்பதை ஆராய்ந்து, அவை இன்னின்ன மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து ஆனவை என்று காட்டினார். பல பாக்டீரியாக்களின் சேமிப்பு இந்த வகையைச் சேர்ந்ததே. நம் வீட்டு நல்லெண்ணெயையும் நெய்யையும் போன்ற உண்மையான கொழுப்பைத் துளி துளியாக உள்ளே திரட்டி வைப்பவை சிலவே. அந்தச் சிலவற்றுள் முதன்மையானது காசக்கிருமி.

1882-இல் இராபர்ட் காக் இக்கிருமியைக் கண்டறிந்த நாள்தொட்டே, சாயம் எளிதில் ஏறாத மெழுகுச் சட்டை ஒன்றை அது அணிந்திருப்பதை அறிஞர் உணர்ந்திருந்தனர். மேலே உள்ள மெழுகு வேறு, உள்ளே உள்ள எண்ணெய் வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 1946-இல் பர்டன் என்பவர் சூடான் கருப்புச் சாயத்தைக் கொண்டு பாக்டீரியாக்களின் உள்ளிருக்கும் கொழுப்புத் துளிகளைக் கருநீலப் புள்ளிகளாக நுண்ணோக்கியில் தெளிவாகக் காணும் முறையை வகுத்தார்.

பெங்களூர்வாசிகள் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே இன்றும் வழங்கும் இந்திய அறிவியல் கழகத்தில், 1950-களிலும் 60-களிலும் டி. இராமகிருஷ்ணன் என்ற உயிர்வேதியியலறிஞர் ஒரு கேள்வியைக் கையிலெடுத்தார். காசக்கிருமி எதை உண்டு, எவ்வாறு சக்தி பெறுகிறது? மருந்து காண்பதைக் காட்டிலும் இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் பகைவனின் அடுக்களையை அறியாமல் அவனை முற்றுகையிடுவது எங்ஙனம்? 1962-இல் அவரும் பி. எஸ். மூர்த்தியும் சிர்சியும் சேர்ந்து, அக்கிருமியின் சாற்றில் உணவைச் சக்தியாக மாற்றும் நொதிகளை ஒவ்வொன்றாக அளந்து வெளியிட்டனர். 1972-இல் இராமகிருஷ்ணன், மூர்த்தி, கோபிநாதன் ஆகிய மூவரும் இவ்வகைக் கிருமிகளின் வளர்சிதை மாற்றம் குறித்து உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு பெருங்கட்டுரை வரைந்தனர். பெரிய கருவிகள் அரிதாயிருந்த காலத்தில் செய்த வேலை என்பதை நினைக்கும்போது அதன் அருமை நமக்கு விளங்கும்.

இதற்கிடையே 1956-இல் அமெரிக்காவில் சீகல், பிளாக் இருவரும் சுண்டெலியின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமி சர்க்கரையைவிடக் கொழுப்பையே விரும்பி எரிக்கிறது என்று கண்டிருந்தனர். 1998-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது காரணம் புலப்பட்டது. ஏறக்குறைய 4000 மரபணுக்களில் 250 அளவுக்குக் கொழுப்பைக் கையாளும் நொதிகளுக்கே உரியவை. நம் உடலின் கொழுப்பை எடுத்துத் தன் குதிரை நிரப்புகிறது என்று சொன்னால் மிகையன்று.

ஆராய்ச்சிக்கூடத்தில் இவ்வாறிருக்க, அதே நகரின் பெல்லாரி சாலையில், மைசூர் அரச குடும்பத்தின் மாளிகையாயிருந்த அவலானில் 1959-இல் தேசியக் காசநோய் நிலையம் அமைந்தது. அங்கிருந்து பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோயாளரைத் தேடிச் சென்று விசாரித்தனர். பாமர மக்கள் நோயை உணர்வதில்லை, மருத்துவரிடம் வருவதில்லை என்பது அந்நாளையப் பேச்சு. 1963-இல் வெளியான அவ்வாய்வு அதைப் பொய்யாக்கியது. பாதிக்கும் மேற்பட்டோர் முன்னரே மருத்துவமனைப் படியேறியவர்கள்; அவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து! குற்றம் யாருடையது என்பதை நேயர்களே அறிவார்கள்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிலையமோ, வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நெருக்கடியான குடிசைகளில் வாழும் ஏழைகளை வீட்டிலேயே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தும், சானடோரியத்தில் வைத்துப் பார்த்தும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை குறைந்ததன்று என்ற முடிவு 1959-இல் வெளிவந்து உலகின் வழக்கத்தையே மாற்றியது. ஆனால் ஏன் ஓராண்டு? இருமல் சில வாரங்களில் தணிந்து, உடம்பு தேறிய பின்னும் மருந்தை விடாது உண்ண வேண்டிய காரணம் என்ன?

விடையின் ஒரு பகுதி, நாம் முதலில் சொன்ன குதிரில் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கொலாட்டுகுடியின் குழு 2004-இல், பிராணவாயு குறையும்போது காசக்கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டு எண்ணெயைத் திரட்டுகிறது என்று நிறுவி, அதற்குத் துணை செய்யும் நொதியையும் சுட்டிக்காட்டியது. 2008-இல் நோயாளரின் சளியிலேயே எண்ணெய்த் துளி நிறைந்த கிருமிகள் காணப்பட்டன. அவை மிகுந்திருந்த சளி மாதிரிகளில் கிருமி வளரத் தொடங்குவதற்கு அதிக நாள் பிடித்தது. 2011-இல் அந்த நொதியை நீக்கிய கிருமியை ஆராய்ந்தபோது, அது ஓய்வு கொள்ளாமல் பெருகிக்கொண்டே போயிற்று. மருந்துக்கும் எளிதில் இரையாயிற்று. வளரும் கிருமியைத் தாக்குவதே பெரும்பாலான மருந்துகளின் இயல்பு. உண்டு கொழுத்து உறங்குவதை அவை எளிதில் தொடுவதில்லை. விழிக்கும் வரை காத்திருந்து தாக்க வேண்டியிருப்பதால்தான், மருந்துக்கு இணங்கும் காசநோய்க்கு ரிபாம்பிசின் சேர்ந்த இன்றைய சிகிச்சையும் பொதுவாக ஆறு மாதம் நீள்கிறது எனக் கருதுகின்றனர்.

பிழைப்பிற்காக ஊர் விட்டு வந்த நம்மவர்க்கு இந்த ஆறு மாதம் சிறிதன்று. இரண்டாம் மாதத்தில் உடல் தேறுகிறது. பொங்கலோ, கோயில் திருவிழாவோ, உறவினர் வீட்டுத் திருமணமோ வருகிறது. வேலூருக்கோ தருமபுரிக்கோ புறப்பட்டவர் மருந்தைப் பெங்களூரிலேயே விட்டுவிடுகிறார். உறங்கிய கிருமி பின்னர் விழித்துக்கொள்ளும். அரசின் காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம். ஒருவரது சிகிச்சைப் பதிவை நிக்ஷய் என்னும் கணக்கின் வழியாக ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் இயலும். ஊருக்குப் புறப்படுவதற்கு முன் மருந்து தரும் நிலையத்தில் எந்த ஊர், எத்தனை நாள் என்று சொன்னால், மீதி மருந்தை அங்கே பெறுவதற்கு ஏற்பாடு செய்வர்.